மூப்படைந்த செல்களில் பாக்டீரியா எண்ணிக்கை: எதைக் கொண்டு வகுப்பது?

சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மூப்படைந்த (பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிட்ட) செல்கள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை எந்த அளவுக்கு உள்வாங்குகின்றன என்று பார்க்கும் சோதனையில் ஆறு வாரங்களாகச் சிக்கி நிற்கிறேன்.

பயன்படுத்துவது டபிள்யூஐ-38 என்ற மனித நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) வகை. இளம் செல்கள் 30 முறை இரட்டித்தவை. மூத்தவை 50-ஐ நெருங்கிப் பிரிவதை நிறுத்திவிட்டவை, மூப்பைக் காட்டும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயத்தில் பிஎச் 6.0-இல் அடர் நீலமாகத் தெரிகின்றன. செல்லுக்குப் பத்து பாக்டீரியா வீதம் ஒரு மணி நேரம் சேர்த்து, பிறகு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசினில் (செல்லுக்கு வெளியே உள்ள பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) ஒரு மணி நேரம் வைத்து, ட்ரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளால் செல்களை உடைத்து, உள்ளிருந்த பாக்டீரியாவை எண்ணுவதற்காக அகார் வளர்ப்புத் தட்டில் பரப்புகிறேன்.

சிக்கல் இதுதான்: செல் எண்ணிக்கையால் வகுத்தால் மூத்த செல்களில் பாக்டீரியா அதிகம், மொத்தப் புரத அளவால் வகுத்தால் வேறுபாடே மறைந்துவிடுகிறது. மூத்த செல் பொரித்த முட்டையைப்போலத் தட்டையாக விரிந்து கிடப்பதால் கிருமி ஒட்டுவதற்கான பரப்பு கூடுகிறது என்பது என் ஊகம்.

ஜென்டாமைசின் செல்லுக்குள் புகுந்து கொல்கிறதோ என்று அளவை 50 ஆகக் குறைத்தேன். வெளியே பாக்டீரியா மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, கடைசியாகக் கழுவிய நீரையும் அகாரில் பரப்பினேன், அதில் எதுவும் வளரவில்லை. உட்கருவுக்குச் சாயமேற்றி, செல்களை மீண்டும் எண்ணியும் பார்த்துவிட்டேன். முடிவு மாறவில்லை.

அளவில் இவ்வளவு வேறுபடும் இரு செல் கூட்டங்களை ஒப்பிடும்போது, செல் எண்ணிக்கை, புரதம், பரப்பளவு ஆகியவற்றில் எதை அடிப்படையாகக் கொள்வீர்கள்?