தீபாவளிக் கூட்டத்தில் தளம் படுத்துவிடுகிறது: விபிஎஸ்ஸா, மேனேஜ்டு ஹோஸ்டிங்கா, கிளவுடா?

காரைக்குடி_பலகாரம் எழுதியது:

வணக்கம். காரைக்குடியில் எங்கள் குடும்பம் செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிறது. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம். ஆர்டரில் பெரும்பகுதி இப்போது இணையத்தில்தான் வருகிறது. வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளக்இன் வைத்த தளம், பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடுகிறது.

சாதாரண நாளில் குறையில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், யாராவது யூடியூப்பில் கடையைக் காட்டிய அன்று மாலையும் தளம் திறக்காது, 508 என்ற பிழை எண் வரும். அதைவிடக் கஷ்டம், சிலருக்குப் பணம் போய்விடும், ஆர்டர் எங்களுக்கு வந்திருக்காது. அம்மா ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹோஸ்டிங் கம்பெனி "அடுத்த பிளானுக்கு மாறுங்கள்" என்கிறது. அதுவும் ஷேர்டுதான். சித்தப்பா மகன் கிளவுடுக்குப் போகச் சொல்கிறான். எங்களிடம் தனி ஐடி ஆள் கிடையாது, நானும் தங்கையும்தான். மாதம் ஐந்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கலாம். எதற்கு மாறுவது?

தேவகோட்டை_சர்வர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த 508 என்ன என்று பாருங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் "அன்லிமிடெட்" என்று போடுவது டிஸ்க்குக்கும் பேண்ட்வித்துக்கும்தான். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலை (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) ஓடலாம் என்பதற்குத் தனியாக ஓர் உச்சவரம்பு இருக்கும். அது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 21ஆவது ஆள் வந்தால் அவருக்கு 508. உங்கள் டிஸ்க் பாதி காலியாக இருந்தாலும் அதே கதைதான். அதனால் "அடுத்த பிளான்" பெரிய தீர்வு இல்லை.

என் கருத்து விபிஎஸ், அதாவது ஒரு பெரிய சர்வரில் உங்களுக்கென்று ஒதுக்கிய தனிப் பங்கு. 4 ஜிபி ரேம், 2 சிபியு, பெங்களூரு டேட்டா சென்டர். டிஜிட்டல் ஓஷனில் இந்த அளவு இப்போது மாதம் 24 டாலர், அதன்மேல் 18% ஜிஎஸ்டி. உங்கள் பட்ஜெட்டில் பாதிதான் வரும். 4 டிபி டிரான்ஸ்ஃபரும் அதிலேயே அடக்கம்.

ஆனால் சர்வர் வாங்கினால் மட்டும் வேகம் வந்துவிடாது. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை நொடி ஆகிறது, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் தயாரிக்கும் பிஎச்பி வொர்க்கர் 8 இருக்கிறது என்றால் நொடிக்கு 16 பக்கம்தான் போகும். அதே 8 வொர்க்கரில் பக்கத்தை 0.2 நொடிக்குக் குறைத்தால் நொடிக்கு 40. சர்வரை இரண்டு மடங்கு பெரிதாக்குவதைவிட இது லாபம். டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் தரவை நினைவகத்தில் வைக்கும் இன்னோடிபி பஃபர் பூல் தொடக்கத்தில் 128 எம்பிதான் இருக்கும், அதை ஒரு ஜிபியாவது ஆக்க வேண்டும். செய்த வேலையைத் திரும்பச் செய்யாமல் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓபிகேஷ், ரெடிஸ் இரண்டும் போட வேண்டும். இதையெல்லாம் ஷேர்டில் நாம் தொடவே முடியாது. விபிஎஸ் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கானாடுகாத்தான்_விடுதி எழுதியது:

தேவகோட்டை அண்ணே, கணக்கு சரி. ஆள் யார்?

எங்கள் விடுதியின் அறை பதிவுத் தளமும் விபிஎஸ்ஸில்தான் இருந்தது. அமைத்துக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். அப்புறம் அதில் யாரும் அப்டேட் போடவில்லை. ஒரு பழைய பிளக்இன் ஓட்டை வழியாக யாரோ உள்ளே நுழைந்து, எங்கள் பக்கங்களைத் திறந்தவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஐரோப்பிய விருந்தினர் ஒருவர் மெயில் போட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். சீசன் நேரம் அது.

தம்பி தெளிவாகவே சொல்லியிருக்கிறார், தனி ஐடி ஆள் கிடையாது என்று. அப்படிப்பட்ட வீட்டுக்கு விபிஎஸ் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். இரவு 11 மணிக்கு லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்பி மைஎஸ்கியூஎல் நின்றுவிட்டால் எழுந்து உட்காருவது யார்? அடுத்த நாள் அதிகாலையில் மாவு பிசைய வேண்டிய ஆட்களா? மேனேஜ்டு வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங்தான் சரி. அப்டேட், பேக்அப், ஃபயர்வால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதம் ஆயிரம் ரூபாய் கூடினால் கூடட்டும்.

பள்ளத்தூர்_கிளவுட் எழுதியது:

இரண்டு பேருமே வளர்ச்சியைக் கணக்கில் எடுக்கவில்லை. வருடத்தில் பத்து மாதம் கூட்டம் குறைவு, இரண்டு மாதம் பல மடங்கு. இந்த மாதிரி தளத்துக்குத்தான் கிளவுடே பொருத்தம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் மும்பையில் 2016இலிருந்து இருக்கிறது, ஹைதராபாத்தில் 2022இலிருந்து. மைக்ரோசாஃப்டின் ஆசூருக்குச் சென்னையிலேயே டேட்டா சென்டர் உண்டு. வருபவர்களைப் பல சர்வருக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர், அதன் பின்னால் ஆட்டோ ஸ்கேலிங், தனி டேட்டாபேஸ் சர்வீஸ். கூட்டம் வந்தால் சர்வர் தானாகக் கூடும், போனால் குறையும். பயன்படுத்திய அளவுக்குத்தான் பணம்.

தேவகோட்டை_சர்வர் எழுதியது:

> கூட்டம் வந்தால் சர்வர் தானாகக் கூடும்

வெப் சர்வர் கூடும். டேட்டாபேஸ்? வூகாமர்ஸில் கார்ட், செக்அவுட், ஸ்டாக் குறைப்பு எல்லாம் போய் விழுவது ஒரே டேட்டாபேஸில். பரிமாறுகிற ஆளைக் கூட்டிக்கொண்டே போனாலும் அடுப்பு ஒன்றுதானே. அப்புறம் வேர்ட்பிரஸ் படங்களை சர்வரிலேயே சேமிக்கிறது. இரண்டாவது சர்வர் எழுந்தால் அந்தப் படங்களை எங்கிருந்து எடுக்கும்? பொதுச் சேமிப்பு ஒன்று அமைக்க வேண்டும். ஆள் இல்லாத கடைக்கு இது விபிஎஸ்ஸைவிட இரட்டை வேலை.

பணத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் 3 எம்பி, ஒரு லட்சம் பார்வை என்றால் 300 ஜிபி வெளியே போகிறது. ஏடபிள்யூஎஸ்ஸில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், மும்பையில் அதற்குமேல் ஒரு ஜிபிக்கு சுமார் 11 சென்ட். மீதி 200 ஜிபிக்கே 22 டாலர் ஆகிவிடும். நான் சொன்ன முழு சர்வரின் வாடகை 24 டாலர்தான்.

இன்னொன்று. விலை குறைவு என்று ஏடபிள்யூஎஸ்ஸில் டி3 மீடியம் சர்வர் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதில் ஒரு சிபியுவின் அடிப்படை அளவு 20%தான். அதற்குமேல் தொடர்ந்து ஓட்டினால் ஓட்டம் குறைவான நேரத்தில் சேர்த்து வைத்த கிரெடிட் தீரும். தானாக அன்லிமிடெட் நிலையில்தான் வரும் என்பதால் வேகம் குறையாது, பில்தான் ஏறும். தீபாவளி வாரம் முழுக்க அந்த 20%க்கு மேல்தான் ஓடும்.

பள்ளத்தூர்_கிளவுட் எழுதியது:

படங்களை ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பான எஸ்3க்கு மாற்றி, முன்னால் சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்துத் தரும் சேவை) வைத்தால் அந்த 300 ஜிபியில் பெரும்பகுதி சர்வரிலிருந்து போகவே போகாது. எனவே அந்த பில் கணக்கு சிடிஎன் இல்லாத தளத்துக்கானது. டேட்டாபேஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அது தானாகக் கூடாது. ஆனால் சீசனுக்கு முன் அதைப் பெரிய அளவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

தேவகோட்டை_சர்வர் எழுதியது:

அதை விபிஎஸ்ஸிலும் செய்யலாமே. சிபியு, ரேம் மட்டும் கூட்டுங்கள், டிஸ்க்கைக் கூட்டாதீர்கள். டிஸ்க்கைக் கூட்டிவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப முடியாது.

சிங்கை_வாசி எழுதியது:

நான் கீழச்சிவல்பட்டி, இருப்பது சிங்கப்பூரில். இங்கேயும் மலேசியாவிலும் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பலகாரம் வரவழைக்கிறோம் என்பது கடைக்காரருக்கே தெரியும். எங்களுக்குத் தளம் மெதுவாகத்தான் திறக்கிறது. சிங்கப்பூரில் சர்வர் வைத்தால் என்ன?

ஆத்தங்குடி_கல் எழுதியது:

சிங்கை அண்ணே, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர 29 மில்லி நொடிக்குக் குறையாது, நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். அதை மனிதர் உணர்வது கடினம். உங்களுக்கு மெதுவாக இருப்பது பெரும்பாலும் படங்களால்தான். எங்கள் டைல்ஸ் தளத்தில் ஒவ்வொரு பூக்கல்லின் படமும் கேமராவிலிருந்து வந்த அளவிலேயே ஏற்றியிருந்தார்கள். அளவு குறைவான வெப்பி வடிவத்துக்கு மாற்றி அகலத்தைக் குறைத்தோம், முன்னால் கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் வைத்தோம், அதே பழைய சர்வரிலேயே மலேசிய வாடிக்கையாளர்களின் புகார் நின்றுவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கிளவுட்ஃப்ளேர் தானாகச் சேமிப்பது படங்கள், சிஎஸ்எஸ் போன்ற கோப்புகளைத்தான், எச்டிஎம்எல் பக்கத்தை அல்ல. பக்கத்துக்குத் தனியாக விதி எழுத வேண்டும். எழுதும்போது கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றையும் கண்டிப்பாக விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவருடைய முகவரி இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

காரைக்குடி_பலகாரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பணம் போய் ஆர்டர் வராத விஷயத்தை யாரும் தொடவில்லையே? எனக்கு அதுதான் பெரிய கவலை.

தேவகோட்டை_சர்வர் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. பணம் ஏறியதும் பேமெண்ட் கேட்வே உங்கள் தளத்துக்கு வெப்ஹுக் வழியாகத் தகவல் அனுப்பும். அந்த நேரத்தில் உங்கள் சர்வர் 508 காட்டினால் தகவல் உள்ளே வராது. ஆர்டர் "பெண்டிங்"கிலேயே நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து வூகாமர்ஸ் அதை ரத்துகூடச் செய்துவிடும். எந்த ஹோஸ்டிங் போனாலும் தினமும் இரவு கேட்வே பட்டியலையும் ஆர்டர் பட்டியலையும் ஒப்பிடுங்கள். கடையில் கல்லா மூடும்போது செய்வதுதானே. வெப்ஹுக் வரும் முகவரியை ஃபயர்வால் தடுக்காதபடியும் பாருங்கள்.

கானாடுகாத்தான்_விடுதி எழுதியது:

இன்னும் பேக்அப் பற்றி யாரும் பேசவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுவதும் போனது. வேறு இடத்தில் நகல் வைக்காதவர்கள் பலர் தரவையே இழந்தார்கள். விபிஎஸ்ஸோ மேனேஜ்டோ, ஒரு நகல் வேறு கம்பெனியில் இருக்க வேண்டும். ஆர்டர் டேட்டாபேஸை சீசனில் மணிக்கொரு முறை எடுங்கள். எடுத்த நகலை ஒருமுறையாவது வேறு இடத்தில் ஏற்றித் திறந்து பாருங்கள்.

அதேபோல் "99.9% அப்டைம்" என்ற உத்தரவாதம். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் தளம் நின்றாலும் அவர்கள் வாக்கு தவறவில்லை. அதற்குமேல் நின்றால் வாடகையில்தான் கொஞ்சம் கழிப்பார்கள், போன ஆர்டருக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

தேவகோட்டை_சர்வர் எழுதியது:

பேக்அப்பில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். மேனேஜ்டில் இல்லை. அங்கே பிளானுக்கு ஏற்ப மாதம் இத்தனை விசிட் என்று அளவு வைப்பார்கள், தானியங்கி போட் வருவதும் அதில் சேரலாம். பிஎச்பி வொர்க்கர் எத்தனை என்பதை விலைப் பக்கத்தில் பல கம்பெனிகள் போடுவதே இல்லை. கூட்டம் வரும் தளத்துக்கு அந்த எண்தான் உயிர். அது தெரியாமல் பணம் கட்டினால் 508க்குப் பதில் 504 (பதில் வரத் தாமதம்) வரும், அவ்வளவுதான்.

கானாடுகாத்தான்_விடுதி எழுதியது:

அப்படியென்றால் வொர்க்கர் எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஆள் இல்லாத வீட்டில் தனி சர்வர் வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன்.

காரைக்குடி_பலகாரம் எழுதியது:

நானும் தங்கையும் பேசினோம். விபிஎஸ் எடுக்கிறோம், ஆனால் நாங்களே பார்க்கப் போவதில்லை. காரைக்குடியிலேயே சர்வர் வேலை தெரிந்த ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஐந்தாயிரத்துக்குள் அடங்குகிறது. அம்மா ஆடியில் புதிதாக எதுவும் வேண்டாம் என்கிறார், எனவே ஆனி முடிவதற்குள் மாற்ற நினைக்கிறோம்.

தேவகோட்டை_சர்வர் எழுதியது:

நல்லது. மாற்றும் முன் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவு) டிடிஎல்லை, அதாவது அந்தப் பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரத்தை, 300 நொடிக்குக் குறைத்துவிட்டு, பழைய டிடிஎல் காலம் கழியும்வரை காத்திருந்து மாற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யாதீர்கள். மெயில் அங்கேதான் இருக்கிறதா? இருந்தால் அதை முதலில் வேறு மெயில் சேவைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் தளம் போன அன்றே மெயிலும் போகும். பிறகு கே6 மாதிரி செயற்கையாகக் கூட்டம் உண்டாக்கும் ஒரு கருவியால் நகல் தளத்தில் சோதியுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் அடித்துப் பார்த்தால் சேமித்து வைத்த நகல் (கேஷ்) தான் பதில் சொல்லும். கார்ட்டில் போட்டு செக்அவுட் வரை போக வேண்டும்.

கானாடுகாத்தான்_விடுதி எழுதியது:

தம்பி, விபிஎஸ் கணக்கும் டொமைனும் யார் பெயரில், யார் மெயிலில் இருக்கும்? இரண்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். பார்த்துக்கொள்பவருக்குத் தனி லாகின் கொடுங்கள், சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல்லின் நகல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்களுக்கு அமைத்துத் தந்தவரும் நல்லவர்தான், கணக்கு மட்டும் அவர் மெயிலில் இருந்தது.

காரைக்குடி_பலகாரம் எழுதியது:

டொமைன் இன்னும் பழைய ஹோஸ்டிங் கம்பெனி வழியாகத்தான் இருக்கிறது, அண்ணே. அதை முதலில் பிரித்து எங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு வருகிறேன்.