சமணர் மலையில் குறும்படம்: காற்று இரைச்சலுக்கு என்ன வழி?

கேள்வி:
வணக்கம் அண்ணே. கல்லூரி புராஜெக்டுக்காக ஐந்து பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். மதுரை பக்கம் சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடியில் பதநீர் விற்கும் பாட்டியும் பேரனும்தான் கதை. கேமரா, மைக் எல்லாமே போன்தான். எடுத்துப் பார்த்ததில் காற்று வசனத்தை விழுங்கிவிட்டது. டீக்கடைக் காட்சியில் டியூப்லைட் வேறு மினுக்குகிறது. டப்பிங் போய்விடலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. நடிப்பது நிஜப் பாட்டி என்றால், உதட்டசைவுக்குப் பேச வைப்பதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். இன்னொரு போனில் ரெக்கார்டிங் போட்டு பதநீர்ப் பானைக்குப் பின்னால், காற்றுக்கு மறைவாக வையுங்கள். ஷாட் தொடங்கும்போது ஒருவர் கை தட்டட்டும். எடிட்டிங்கில் சத்தத்தையும் படத்தையும் அதை வைத்துப் பொருத்தலாம். அப்புறம், யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டி ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாமல் மூட அதைவிட நல்ல பொருள் கிடையாது. மினுக்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50 அல்லது 1/100 விநாடி வையுங்கள்.

பதில் 2:
மலையில் இருக்கும் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் பக்கம் போகிறீர்களா? அங்குள்ள சமணச் சிற்பங்கள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. முதலில் அனுமதி கேளுங்கள். அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் போதாதா?

கேள்வி கேட்டவர்:
போதும்தான். டீக்கடை பிரிட்ஜ் சத்தத்துக்கு?

பதில் 1:
கடைக்காரரிடம் கேட்டு அணையுங்கள். பைக் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், திரும்பப் போட மறந்து யாரும் கிளம்ப முடியாது.