டி.ஓ.எஃப் ரிப்பேர் ஆன 17 வயதுப் பெண்: பெரியவர்கள் கார்டியாலஜிக்கு மாறும்போது கையில் என்ன இருக்கணும்?

அல்லிக்குளம்:
மகளுக்கு 17. பிறவியிலேயே டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் (டி.ஓ.எஃப்), அதாவது இதயத்தில் ஓட்டையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகலும். 11-வது மாதத்தில் முழு ரிப்பேர். இப்போது மருந்து ஏதும் இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை. அடுத்த வருஷம் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். தெரிய வேண்டியவை மூன்று. வருஷா வருஷம் எக்கோ எடுக்கிறோம், அப்புறம் எதற்கு எம்ஆர்ஐ? ஃபைலில் எந்தெந்தக் காகிதம் அவசியம்? ஞானப் பல் எடுக்கணும், முன்னாடியே ஆன்டிபயாட்டிக் போடணுமா?

வலதறை:
முதலில் ஒரு வார்த்தையைச் சரிசெய்துகொள்ளுங்கள். "ரிப்பேர்" என்றால் ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் வழியை அகலப்படுத்தியது. இதயம் பிறவியில் சரியாக இருந்தவர்களின் இதயம்போல் ஆகிவிடாது. பல பேருக்கு அந்த வழி வால்வு வளையத்திலேயே குறுகலாக இருக்கும். அப்போது வளையத்தையே குறுக்கே வெட்டி, அதன் மேல் பேட்ச் வைத்துத் தைப்பார்கள். அடைப்பு போய்விடும், வால்வும் கூடவே போய்விடும். ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு வலது கீழறைக்கே திரும்பி விழும்.

இந்தக் கசிவை அந்த அறை பத்து, இருபது வருஷம் சத்தமில்லாமல் தாங்கும். ஆள் ஓடுவார், ஆடுவார், அறை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். மூச்சு வாங்க ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தால், புது வால்வு வைத்த பிறகும் அறை பழைய அளவுக்குச் சுருங்காமல் போகலாம். அதனால்தான் அறிகுறியை விட்டுவிட்டு அளவைப் பார்க்கிறார்கள்.

அந்த அளவை எக்கோ சரியாகச் சொல்லாது. வலது கீழறை மார்பெலும்புக்கு நேர் பின்னால், இடது அறையைச் சுற்றிப் பிறை மாதிரி வளைந்திருக்கும். எம்ஆர்ஐ துண்டு துண்டாக எண்ணிக் கொடுக்கும். ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: உடல் பரப்புக்கு வகுத்த, விரிந்த நிலைக் கொள்ளளவு, சுருங்கிய நிலைக் கொள்ளளவு. முதலாவது சதுர மீட்டருக்கு 160 மில்லியை, இரண்டாவது 80-ஐ எட்டினால் வால்வு மாற்றுவதைப் பற்றிப் பேசும் கட்டம். ஒரே எண்ணை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, முந்தைய ஸ்கேனிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதுதான் முக்கியம். ஆகவே சிடியைத் தொலைக்காதீர்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

ஃபைலுக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, ஆபரேஷன் நோட் வேறு. இரண்டாவதுதான் வேண்டும். பேட்ச் வளையத்தைத் தாண்டியதா, இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய் ஏதாவது அதன் குறுக்கே ஓடுகிறதா, ரிப்பேருக்கு முன்னால் ஷன்ட் (நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும் தற்காலிக இணைப்பு) வைத்தார்களா எல்லாம் அதில்தான் இருக்கும். மருத்துவமனைகள் பழைய ரெக்கார்டைக் காலத்துக்கும் வைத்திருக்காது, இப்போதே நகல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈசிஜி. நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஒன்று மொபைலில் இருக்கட்டும். ரிப்பேர் ஆன பெரும்பாலானோருக்கு ரைட் பண்டில் பிளாக் (வலது கீழறைக்கு மின் துடிப்பு தாமதமாகப் போவது) இருக்கும். ஈசிஜியில் கீழறைகளின் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலை அகலமாகத் தெரியும். வரலாறு தெரியாத டியூட்டி டாக்டர் நடுராத்திரியில் அதைப் புதிதாக வந்த கோளாறு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பழைய ஈசிஜி பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. அந்த அகலம் 180 மில்லிசெகண்டைத் தொட்டால் தாளக் கோளாறுக்கான ஆபத்து கூடுகிறது, அதனால் ஒவ்வொரு விசிட்டிலும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

பொன்வண்டு:
பல்லுக்குச் சுருக்கமாச் சொல்றேன். ஹார்ட் ஆபரேஷன் ஆன எல்லாரும் பல் வேலைக்கு முன்னாடி அமாக்ஸிசிலின் போட்டே ஆகணும். போட்டா நஷ்டமில்லை.

ஈறும் இதயமும்:
பொன்வண்டு, அது பழைய வழக்கம். 2007-ல் அமெரிக்க இதயக் கழகம் பட்டியலைச் சுருக்கிவிட்டது. இப்போது தேவைப்படுவது: செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு எண்டோகார்டைட்டிஸ் (இதய உட்சுவரில் கிருமித் தொற்று) வந்தவர்கள், உடல் நீலம் பாயும் பிறவி இதய நோய் ரிப்பேர் ஆகாதவர்கள், பேட்ச் அல்லது டிவைஸ் வைத்து 6 மாதம் ஆகாதவர்கள், பேட்ச் ஓரத்தில் இன்னும் கசிவு மிஞ்சியிருப்பவர்கள். கேட்டவரின் மகளுக்கு வால்வு மாற்றவில்லை, பேட்ச் ஓரத்தில் கசிவும் இல்லை என்றால் வேண்டியதில்லை. அதை எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து அவளுடைய கார்டியாலஜிஸ்ட் ஒரு வரி எழுதித் தரட்டும், டென்டிஸ்டும் நிம்மதியாக வேலை செய்வார். பின்னாளில் வால்வு மாற்றினால் கதை மாறும்: அப்போதிலிருந்து ஆயுசுக்கும் வேண்டும். பெரியவர்களுக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஈறில் கை வைப்பதற்கு 30 முதல் 60 நிமிஷத்துக்கு முன் ஒரே வேளை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடணும்.

"நஷ்டமில்லை" என்பதும் தப்பு. இதில் உண்மையான ஆபத்து தினமும் பிரஷ் பண்ணும்போது ஈறில் ரத்தம் கசிவதுதான். அதை மாத்திரை தடுக்காது, ஈறு ஆரோக்கியம்தான் தடுக்கும்.

இன்னொன்றை மூளையில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்). வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று செட். கிருமி பாட்டிலில் வளரத்தான் வேண்டும். முதலிலேயே மாத்திரை விழுங்கிவிட்டால் வளராமல் போகலாம், நோய் இருந்தும் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரலாம். "சளிக் காய்ச்சல்தான், இதைப் போடுங்க" என்று கொடுப்பவரிடம் இதயத்தைப் பற்றி அவளே சொல்லத் தெரிந்திருக்கணும்.

சதயம்:
கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். கேள்வியை அம்மா எழுதியிருக்கிறார், மாறப்போவது மகள். அடுத்த விசிட்டில் பாதி நேரம் அவள் தனியாக டாக்டரிடம் பேசட்டும். உங்கள் எதிரே கேட்க மாட்டாத கேள்விகள் இருக்கும்: கர்ப்பத்தடை, டாட்டூ, மது. 22க்யூ11 நீக்கல் (22-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாதது) டெஸ்ட் எடுத்ததா என்றும் கேட்கட்டும். அது இருந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 50 சதவீதம். கர்ப்பம் தரிக்கும் முன்பே எம்ஆர்ஐ பார்த்து, வால்வு தேவையா என்று தீர்த்துக்கொள்வது பிற்பாடு பதறுவதைவிட நல்லது.

படபடப்பைப் பற்றியும் அவளுக்குச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 120-ல் அசையாமல், ஏறாமல் இறங்காமல் நின்றால் பயத்தில் வந்தது என்று விடக்கூடாது. ஆபரேஷன் தழும்பைச் சுற்றி மேலறையில் ஓடும் தாளம் அப்படித்தான் ஒரே எண்ணில் நிற்கும். படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்கணும். அடங்கிய பிறகு போனால் எதுவும் தெரியாது. ஓடும்போது மயங்கி விழுந்தால் அதே நாளில் போயாகணும்.

அல்லிக்குளம்:
எல்லோருக்கும் நன்றி. ஃபைலைப் புரட்டினால் 3-வது மாதத்தில் "வலது பி.டி. ஷன்ட்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு இப்போது ஏதும் அர்த்தம் உண்டா? ரிப்பேரின்போதே மூடிவிட்டார்களாம்.

வலதறை:
உண்டு. பி.டி. (பிளாலாக்-டாசிக்) ஷன்ட் என்பது வலது கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு எடுத்த இணைப்பு. மூடிய பிறகும் அந்தத் தமனி குறுகலாக இருக்கலாம், பழைய முறை என்றால் வெட்டியே இருப்பார்கள். அதனால் வலது கையில் பிபி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இரண்டு கையிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதிகமாகக் காட்டும் கையை நம்புங்கள். ஃபைலின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில்: "பிபி இடது கையில் மட்டும்."