கம்ப்யூட்டர் ஆன் ஆகும், தமிழ் மட்டும் வராது

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் இங்கே டிடிபி கடைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு வாரத்தில் ஒரு கடையிலிருந்து அக்கா ஒருவர் கூப்பிட்டார். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். தமிழ்99 முறையில் விசைகளைப் பார்க்காமலே அடிக்கிற கை அவருக்கு.

"தம்பி, சிஸ்டத்த போட்டா தமிழ் தானா வர மாட்டேங்குது. தினமும் நானே போய்த் திறக்கணும். மறந்துட்டா நாலு வரி இங்கிலீஷ்ல ஓடிருது" என்றார். அதற்கு முன்பே யாரோ வந்து அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை இரண்டு தடவை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். பலன் இல்லை.

போய்ப் பார்த்தேன். லேப்டாப், விண்டோஸ் 10. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தை (கம்ப்யூட்டர் போட்டதும் தானாகத் திறக்கும் நிரல்களின் பட்டியல்) திறந்தால் மென்பொருளின் பெயர் இருக்கிறது, 'எனேபிள்டு' என்றும் காட்டுகிறது. சரி, ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் ஒரு ஷார்ட்கட் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். (விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வருகிற பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் அந்த ஃபோல்டர் திறக்கும்.) ரீஸ்டார்ட் செய்தேன். வரவில்லை. பிழைச் செய்தி என்று ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானைக் கவனித்தேன். மூலையில் சின்னதாக ஒரு கேடயம். இரட்டைக் கிளிக் செய்தால் 'அனுமதிக்கவா' என்று திரை மங்கிக் கேட்கிறது. ஒரு தட்டச்சு நிரலுக்கு எதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி?

"அக்கா, இதுல யாராவது எதையாவது மாத்துனாங்களா?"

"பக்கம் வைக்கிற சாஃப்ட்வேர்ல மட்டும் தமிழ் விழலைன்னு எங்க அண்ணன் மகன் வந்து என்னமோ டிக் பண்ணிக் குடுத்தான். அப்புறம் நல்லா விழுந்துச்சு."

அந்தப் பையன் செய்தது தவறே இல்லை. பக்கம் வைக்கிற அந்தப் பழைய மென்பொருள், நிரல்கள் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே தன் கோப்புகளை எழுதும். அதனால் அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் திறக்க வேண்டும். 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு தடுப்பு உண்டு: சாதாரண அனுமதியில் ஓடுகிற நிரல், அட்மின் அனுமதியில் ஓடுகிற ஜன்னலுக்குள் விசை அழுத்தங்களைப் போட முடியாது. தீய நிரல்களைத் தடுக்க வைத்த வேலி. அதில் தமிழ் விசைப்பலகையும் மாட்டிக்கொள்கிறது. ஆகவே தட்டச்சு நிரலுக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று டிக் போட்டிருக்கிறான். தமிழ் விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து தானாகத் திறப்பது நின்றுபோனது. ஏனென்றால் அட்மின் அனுமதி கேட்கிற நிரலை, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைத்தாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) எழுதினாலும், லாகின் நேரத்தில் விண்டோஸ் திறக்காது. பேசாமல் விட்டுவிடும். ஒரு பூட்டைத் திறக்கப்போய் இன்னொன்று பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மென்பொருளை எத்தனை தடவை திரும்பப் போட்டாலும் இது தீராது.

டிக்கை எடுத்தால் பத்திரிகை வேலை நின்றுவிடும். எனவே வேறு வாசல்: டாஸ்க் ஷெட்யூலர். நாம் குறித்த தருணத்தில் நிரல்களை ஓட வைக்கிற விண்டோஸ் வசதி அது. புதிய டாஸ்க் ஒன்று உருவாக்கி, 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதை டிக் செய்தேன். ட்ரிகர், அதாவது எப்போது ஓட வேண்டும் என்பது, 'அட் லாக் ஆன்' (லாகின் ஆனதும்). ஆக்‌ஷனில் நிரலின் முழுப் பாதை. அதற்குக் கீழே 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் காலியாக விட்டுவிடுவார்கள். அதில் நிரல் இருக்கும் ஃபோல்டரை எழுதுங்கள், மேற்கோள்குறி இல்லாமல். காலியாக விட்டால் நிரல் தன் விசைப்பலகைக் கோப்புகளை விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-க்குள் போய்த் தேடும். பழைய ஸ்டார்ட்அப் ஷார்ட்கட்டை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகான் வந்து உட்கார்ந்தது. அக்கா உடனே பக்கத்தைத் திறந்து 'மணமகன்' என்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து மறுபடி போன். "தம்பி, இன்னைக்கு வரலையே." போனிலேயே கேட்டேன்: கரண்ட் இருக்கா? மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தியிருந்த நாள் அது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. டாஸ்க் ஷெட்யூலரில் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில், கரண்ட் இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் முன்கூட்டியே போட்டிருக்கும். நான் அதை எடுக்காமல் விட்டிருந்தேன். சாயங்காலம் போய் எடுத்தேன். கூடவே 'செட்டிங்ஸ்' பக்கத்தில் மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று ஒரு டிக் இருக்கிறது, அதையும் எடுத்தேன். லாக் ஆஃப் செய்யாமல் மூடி மூடித் திறக்கிற லேப்டாப் என்றால் நாலாவது நாள் தமிழ் நடுவேலையில் காணாமல் போயிருக்கும்.

*

சிவகாசிக்காரர் எழுதியதைப் படித்ததும் எனக்கு நடந்ததை எழுதத் தோன்றியது. கணவரும் நானும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். பில் போடும் நிரல் மேலே குடோனில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இசட் டிரைவாக இணைத்து, நிரலின் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்அப்பில் வைத்திருந்தோம். கேபிள் இருந்தவரை ஒரு நாளும் பிசகியதில்லை. வைஃபைக்கு மாறியதும் காலையில் ஷார்ட்கட் கிடைக்கவில்லை என்று பிழை. ஐந்து நிமிடம் கழித்து கிளிக் செய்தால் ஒழுங்காகத் திறக்கும்.

லாகின் ஆகும் நொடியில் வைஃபை இன்னும் இணையவில்லை என்பதுதான் காரணம். ஸ்டார்ட்அப் ஷார்ட்கட்டை எடுத்துவிட்டு டாஸ்க் ஷெட்யூலரில் வைத்து, ட்ரிகருக்குள் 'டிலே டாஸ்க் ஃபார்' என்பதை 1 நிமிடம் ஆக்கினோம். முதலில் 30 விநாடி வைத்துப் பார்த்தோம், சில நாள் போதவில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் டிக் போட்டால் இசட் டிரைவ் அந்த நிரலுக்குத் தெரியாமல் போகலாம். எங்களுக்கு அட்மின் தேவையில்லை என்பதால் போடவில்லை. தேவைப்படுகிறவர்கள் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக, இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அந்தக் கம்ப்யூட்டரின் பெயரோடு முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள்.

*

நானும் ஒன்று சொல்கிறேன். என் அப்பாவின் கம்ப்யூட்டரில் பேக்கப் நிரல் தானாகத் திறக்கவில்லை. காரணம் இன்னும் எளியது. வேகப்படுத்துகிறேன் என்று ஒரு துப்புரவு நிரல் எல்லா ஸ்டார்ட்அப்பையும் நிறுத்தி வைத்திருந்தது. பேக்கப் நிரலின் அமைப்புகளில் 'தானாகத் தொடங்கு' டிக்கை எடுத்துவிட்டுப் போட்டாலும் பலிக்கவில்லை. நிறுத்தியதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தனி இடத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. நிரல் தன் பெயரைத் திரும்ப எழுதினாலும் அந்தக் குறிப்பு அப்படியே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்ததும் சரியானது. மூன்று மாதமாக அவருடைய போட்டோக்கள் பேக்கப் ஆகவே இல்லை என்று தெரிந்தபோது பயந்துதான் போனேன். நல்லவேளை, ஒன்றும் தொலையவில்லை.

*

சிவகாசிக்காரருக்கு ஒரு கேள்வி. நானும் ஒரு நிரலை டாஸ்க் ஷெட்யூலரில்தான் வைத்திருக்கிறேன். ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. ராத்திரி ஷட் டவுன் செய்து காலையில் போட்டால் வருவதில்லை. ஏன்?

*

சிவகாசியிலிருந்து பதில்: உங்கள் ட்ரிகர் 'அட் ஸ்டார்ட்அப்' என்று இருக்கும், பாருங்கள். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்துவிட்டது. ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதி முழுசாக அணைவதில்லை, டிஸ்க்கில் எழுதி வைத்துக் காலையில் எடுத்துக்கொள்கிறது. அதனால் புதிதாகத் தொடங்கியதாகவே அது கணக்கில் வராது. ரீஸ்டார்ட் செய்தால் முழுசாக அணைந்து எழும். ட்ரிகரை 'அட் லாக் ஆன்' என்று மாற்றுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த வேண்டியதில்லை.

*

மாற்றினேன். ராத்திரி ஷட் டவுன் செய்து இன்று காலை போட்டேன், வந்துவிட்டது. நன்றி அண்ணாச்சி.