மறுமொழி: ‘கான்ஃபரன்ஸ் ரீஅலைன்மென்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாலு நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுவதும் படித்தேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், தங்களுக்குள் ஆடுகிற கல்லூரிகளின் குழுவுக்குக் ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். ஒரு கல்லூரி அப்படி ஒன்றை விட்டு இன்னொன்றில் சேர்வதைத்தான் தலைப்பிலுள்ள சொல் குறிக்கிறது. ‘மாநாட்டு மறுசீரமைப்பு’, ‘கூட்டமைப்பு மறுசீரமைப்பு’, ‘மறு அணிசேர்க்கை’, ‘கழகத் தாவல்’ என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லப் போகிறேன், அதனால் மடல் நீளும். நான் இருப்பது ஓரிகன் மாநிலத்தில். இந்தச் சொல் குறிக்கிற காரியம் 2023-இல் இங்கே நடந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேறு பேச்சே பேசவில்லை. அந்த நினைவோடுதான் எழுதுகிறேன்.

> கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடு. அகராதியில் இருக்கிற சொல்தானே, புதிதாக எதற்கு?

கோவை ஐயா, நீங்கள் சொல்வதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. 1896-இல் சிகாகோவில் ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் கூடி, கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயரில்தான் ‘கான்ஃபரன்ஸ்’ வந்தது. அன்றைக்கு அது மாநாடுதான். ஆனால் மாநாடு என்றால் கூடுவார்கள், பேசுவார்கள், கலைந்து போவார்கள். இவர்கள் கலையவில்லை. ‘பிக் டென்’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதுகிறார்கள், கோப்பை வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை ஒரே கையாக விற்று வந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தமிழ் வாசகரிடம் போய் ‘பிக் டென் மாநாடு’ என்றால் மேடையும் பந்தலும்தான் அவர் கண்ணில் தெரியும்.

‘கூட்டமைப்பு’ நல்ல சொல். ஆனால் அனைத்திந்திய கால்பந்துக் கூட்டமைப்பு என்பது போல, ஒரு விளையாட்டை ஆளுகிற மேலமைப்புக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. ‘கழகம்’ என்றால் பல்கலைக்கழகத்தோடு முட்டும். ஒரு பத்தியில் இரண்டு முறை வந்தால் யார் யாரை விட்டுப் போனார்கள் என்றே புரியாது.

என் பரிந்துரை ‘கூட்டணி’. அரசியல் வாடை அடிக்கிறதே என்று டொராண்டோ அக்கா முன்பு ஒரு மடலில் சொன்னது நினைவிருக்கிறது. அக்கா, அந்த வாடைதான் இங்கே உதவுகிறது. கூட்டணி என்றால் ஒவ்வொரு கட்சியும் தனித்தனி என்பதும், சேர்ந்து நிற்கக் கணக்கு இருக்கிறது என்பதும், பங்கீடு உண்டு என்பதும், நாளைக்கு ஒருவர் எழுந்து போகலாம் என்பதும் யாரும் சொல்லித் தராமலே தமிழருக்குத் தெரியும். கிரிக்கெட்டில் இரண்டு மட்டையாளர் நிலைத்து ஆடினாலும் கூட்டணி என்கிறோம், உண்மை. முதல் இடத்தில் ‘கல்லூரிக் கூட்டணி’ என்று எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம் இரண்டாவது பாதி. என் மனக்குறை முழுவதும் ‘மறுசீரமைப்பு’ மேல்தான்.

அமைப்பு என்றால் அமைக்கிற ஒருவர் வேண்டும். 1956-இல் மாநிலங்களை மறுசீரமைத்தார்கள் என்றால் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் செய்தது. தொகுதி மறுசீரமைப்பு என்றால் ஆணையம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க வகை) அப்படி உட்கார்ந்து வரைபடம் போட்ட ஆள் யாரும் இல்லை. இருந்த ஒரு கையும் 1984-இல் போய்விட்டது. அதுவரை எந்தக் கல்லூரியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. அந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. மறுத்து எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், ஒரு காலத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காகவே கால்பந்து ஆடியவர். பணம் கல்லூரி விளையாட்டை எங்கே கொண்டுபோகும் என்று அவர் கவலைப்பட்டார். தீர்ப்புக்குப் பிறகு விற்கிற உரிமை கல்லூரிகளிடமும் கூட்டணிகளிடமும் வந்தது. யாரோடு சேர்ந்து விற்றால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கும் அன்றே தொடங்கியது.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ரட்கர்ஸ் நல்ல உதாரணம். 2014-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் பிக் டென்னில் சேர்ந்தன. கால்பந்தில் ரட்கர்ஸ் பெரிய பெயர் இல்லை. ஆனால் பிக் டென் 2007-இலேயே சொந்தமாக ஒரு கேபிள் சேனல் தொடங்கியிருந்தது. அந்தச் சேனல் ஒரு வீட்டின் கேபிள் தொகுப்பில் இருந்தால், அந்த வீட்டார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதாமாதம் காசு. ரட்கர்ஸ் வந்தால் நியூயார்க் சுற்றுவட்டார வீடுகள், மேரிலாண்ட் வந்தால் வாஷிங்டன் சுற்றுவட்டார வீடுகள். கூட்டணியில் சேர்க்கப்பட்டது அணி என்பதைவிட அணியைச் சுற்றியிருந்த கேபிள் இணைப்புகள் என்பதே சரி. மேரிலாண்ட் தன் பழைய கூட்டணிக்கு 3 கோடி டாலருக்கும் மேல் விட்டுக்கொடுத்துத்தான் வெளியே வந்தது. இதில் ‘சீர்’ எங்கே இருக்கிறது? மறுசீரமைப்பு என்று எழுதினால், கோணலாக இருந்ததை நேராக்கினார்கள் என்று நாமே சான்றிதழ் கொடுப்பது போல ஆகிவிடும்.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பசிபிக் கரைக் கல்லூரிகள் 1915-இலிருந்து ஒரு கூட்டணியாக இருந்தவை. கடைசிப் பெயர் ‘பேக்-12’. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த சில வாரங்களில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. மொத்தத் தொகை 700 கோடி டாலருக்கு மேல். இங்கே மிச்சமிருந்த பத்துக் கல்லூரிகளுக்கு ஓராண்டு தேடியும் அந்த அளவுக்கு விலை கிடைக்கவில்லை. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழித் திட்டம் ஒன்றுதான். 2023 ஜூலை இறுதியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் போய்விட்டன. ஓரிகனும் வாஷிங்டனும் மற்ற உறுப்பினர்களைவிடக் குறைந்த பங்குக்குச் சம்மதித்து பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டணிக்கு. ஒரு மாதம் கழித்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தன, முதல் ஏழாண்டுக்கு 30 சதவீதப் பங்கு மட்டும் போதும் என்று. பசிபிக் கடலைப் பார்த்தபடி இருக்கிற ஊரின் கல்லூரி அட்லாண்டிக் பெயரில் ஆடுகிறது.

மிச்சம் நின்றவை இரண்டு: கொர்வாலிஸின் ஓரிகன் ஸ்டேட், புல்மனின் வாஷிங்டன் ஸ்டேட். சின்ன ஊர்கள், சின்னத் தொலைக்காட்சிச் சந்தை. ஓரிகன் ஸ்டேட் அப்போதுதான் அரங்கின் மேற்குப் பக்கத்தை 16 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டி முடித்திருந்தது. அந்த ஆண்டு அணியும் நல்ல அணி. அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, எங்கேயும் போகவும் இல்லை. மற்றவர்கள் போனதில்தான் அவர்கள் நிலைமை மாறியது. பழைய மாணவர்களான என் அலுவலக நண்பர்கள் அன்றைக்குப் பேசியது தோற்ற அணியின் பேச்சாக இல்லை, வீட்டில் சொத்துப் பிரித்துவிட்டுப் போன பிறகு மிஞ்சியவர் பேசுகிற பேச்சாக இருந்தது. இந்த வலிக்கு நாம் வைக்கிற சொல்லில் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

> அணிசேரா நாடுகள் என்று சொல்கிறோமே. அதிலிருந்து ‘மறு அணிசேர்க்கை’ எடுக்கலாம்.

இந்தப் பரிந்துரையை எழுதிய தம்பிக்குப் பாராட்டுகள், ஆங்கிலச் சொல்லின் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் விளையாட்டில் அணி என்றால் களத்தில் இறங்குகிற பதினொரு பேர். அணி மாறுவது என்றால் ஒரு ஆட்டக்காரர் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போவது. அதுவும் இப்போது பெரிய அளவில் நடக்கிறது, அதற்கென்று தனிச் சொல் தேவைப்படும். இரண்டையும் கலக்கக் கூடாது.

‘தாவல்’ வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. கட்சித் தாவல் என்றால் துரோகம் என்று அர்த்தமாகிவிட்டது. நிதானமாக யோசித்து டெக்சாஸ் பல்கலைக்கழகம் பிக் 12-ஐ விட்டுப் போனதும், கூரை இடிகிறபோது பெர்க்லி ஓடியதும் ஒன்றாகாது. தீர்ப்பை வாசகர் எழுதிக்கொள்ளட்டும், சொல் எழுத வேண்டாம்.

என் பரிந்துரை: கூட்டணிப் பெயர்ச்சி.

பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு நகர்தல். தன்வினை, அதனால் பெயர்ந்தது யார் என்ற கேள்விக்கு வாக்கியத்திலேயே பதில் வந்துவிடும்: ‘ஓரிகன் பிக் டென்னுக்குப் பெயர்ந்தது’. பள்ளி இயற்பியலில் ‘இடப்பெயர்ச்சி’ படித்திருக்கிறோம், ஆகவே கலைச்சொல் தகுதி ஏற்கெனவே உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்ற வழக்கு. நகர்வது ஒரு கோள், பலன் பன்னிரண்டு ராசிக்கும். அசையாமல் நின்றவர்களுக்கும் பலன் உண்டு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சோதிடத்தை ஏற்காதவர்கள் நம் குழுவில் நிறையப் பேர், நானும் அப்படித்தான். ஆனால் சொல்லின் பொருள் வளம் சோதிடத்துக்கு மட்டும் சொந்தம் இல்லை.

நின்றவருக்கும் பலன் என்பதற்கு இன்னொரு சான்று. லாஸ் ஏஞ்சலஸ் வளாகமும் பெர்க்லி வளாகமும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். ஒன்று பெயர்ந்ததால் மற்றதற்கு நட்டம் என்று ஆட்சிக்குழுவே முடிவு செய்து, ஆண்டுதோறும் 1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. ஊரில் அதற்கு ஜீவனாம்சம் என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

சொல் என்ன பெரிய வித்தியாசம் செய்துவிடும் என்று ஒரு மடல் கேட்டது. இதே துறையில் பதில் இருக்கிறது. 1950-களில் அடிபட்ட கல்லூரி ஆட்டக்காரர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்கத் தொடங்கியபோது, என்.சி.ஏ.ஏ.யின் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸும் அவர் சகாக்களும் ‘ஸ்டூடன்ட்-அத்லீட்’ என்று ஒரு சொல்லை உருவாக்கி எல்லா விதியிலும் புகுத்தினார்கள். ஆடுபவர் ஊழியர் இல்லை, மாணவர் என்று காட்ட. கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ஒருவரின் மனைவி கேட்ட இழப்பீட்டை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1957-இல் மறுத்தது. அந்தச் சொல்லை எதற்காக உண்டாக்கினோம் என்று பையர்ஸே 1995-இல் எழுதினார். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக வருவாய்ப் பங்கு தர வழிவிட்ட நீதிமன்ற உடன்பாடு வந்தது 2025-இல்தான். ஒரு சொல் எழுபது ஆண்டு காவல் நின்றிருக்கிறது. அதைத் தமிழில் ‘மாணவ வீரர்’ என்று பெயர்க்கும்போது இந்த வரலாற்றை ஒரு வரியாவது குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொடர்புள்ள மற்ற சொற்கள், சுருக்கமாக. கூட்டணியை விட்டுப் போகக் கட்டும் பணத்துக்கு ‘வெளியேற்றக் கட்டணம்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். வெளியேற்றம் என்றால் பிறர் துரத்துவது. இவர்கள் தாங்களாகப் போகிறார்கள். ‘வெளியேறல் கட்டணம்’ என்றிருக்கட்டும். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் ஓராண்டு முன்னதாகவே 2024-இல் போவதற்காக இருவருமாக 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தது இந்தத் தலைப்பில்தான் வரும். கூட்டணி எதிலும் கால்பந்துக்குச் சேராமல், தனியாக என்.பி.சி.யோடு 1991-இலிருந்து ஒளிபரப்பு வைத்திருக்கிற நோட்டர் டேமை ‘கூட்டணி சாராத’ என்று சொல்லலாம். தம்பியின் அணிசேரா நாடுகள் இங்கே பயன்படுகிறது. கூட்டணிப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். பிக் டென்னில் இன்று 18 பேர், பிக் 12-இல் 16 பேர். ‘பெரும் பத்து’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பதினெட்டை எண்ண முடியாது.

எனக்கு இன்னும் பிடிபடாத சொல் ஒன்று இருக்கிறது. உறுப்பினர் வெளியேறினாலும் அவருடைய சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை குறிப்பிட்ட ஆண்டுவரை கூட்டணியிடமே இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் பத்திரம். அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் 2036 வரை அப்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. ‘உரிமை ஒப்படைப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஒத்தி, போக்கியம் என்று நிலத்துக்கு வழங்கும் பழைய சொற்களில் ஒன்று இதற்குப் பொருந்துமோ என்று சந்தேகம். நிலத்தை நாம் வைத்துக்கொண்டு விளைச்சலை மட்டும் ஆண்டுக் கணக்கு சொல்லி எழுதிக் கொடுப்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? தஞ்சைப் பக்கத்து நண்பர்கள், பத்திரம் எழுதிப் பழகியவர்கள், அவசியம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓரிகனிலிருந்து