ஊர்த் தமிழ் வகுப்புக்கு மக்கள் எதைப் பார்த்துப் பணம் தருகிறார்கள்?

கேட்டவர்: பாலக்காட்டு எல்லை

வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். ஊர் வாசகசாலையில் நானும் தோழிகள் சிலரும் சனி, ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் கிடையாது. வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் மலையாளமோ இங்கிலீஷோ படிக்கிறார்கள். கேரளாவில் எஸ்எஸ்எல்சி வரை தமிழ்வழியிலேயே படிக்கலாம், எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பள்ளிகளும் உண்டு. ஆனாலும் பெற்றோர் வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிழைப்பு அப்படி.

இடம் வாசகசாலைக்காரர்கள் சும்மா தந்தது. நோட்டு, புத்தகம், தள்ளி இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆட்டோ, இதற்குத்தான் பணம் வேண்டும். அதைக் கேட்டுப் போகும்போது ஒன்று எனக்கு விளங்கவில்லை. கள்ளு இறக்குகிற ஓர் அண்ணன் மாதாமாதம் தவறாமல் தருகிறார். அவர் வீட்டில் படிக்கிற வயதில் பிள்ளையே இல்லை. தமிழின் பெருமையை மணிக்கணக்கில் பேசுகிற இன்னொருவர் "இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்கப் பணம் அனுப்பிய குடும்பமும் இங்கே உண்டு, எங்கள் வகுப்புக்கு இன்னும் தரவில்லை.

இப்படி வகுப்பு நடத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். எதைப் பார்த்துத் தருகிறார்கள்? எதைச் சொல்லிக் கேட்க வேண்டும்?

பதில்: நகரி நெசவு வீடு

தங்கச்சி, நான் ஆந்திராப் பக்கம், நகரி. வீட்டில் விசைத்தறி. 1953-ல் ஆந்திரா பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கமே இருந்துவிட்டோம். தெருவில் தமிழ் பேச்சு, பள்ளியில் தெலுங்கு. தெலுங்கு இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது, அதனால் பிள்ளைகள் அதை நன்றாகப் படிக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். சாயங்காலம் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. யார் எதற்காகத் தந்தார்கள் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைப்பேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வெறுமனே "தமிழுக்காக" என்று சொல்லித் தந்தவர்கள் மிகக் குறைவு. அதிகம் தந்தவர்கள், பெண்ணைத் திருத்தணி, அரக்கோணம் பக்கம் கட்டிக் கொடுத்த வீட்டார். தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். எங்கள் ஊர்ப் பெண் அங்கே வாழப் போகிறாள். தமிழ் நன்றாகவே பேசுவாள், ஆனால் எழுத்து தெரியாது. பிள்ளை ஒன்றாம் வகுப்பு வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டினால் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் அவளுக்கு உறுத்தும். "பெரியவளுக்குத்தான் இல்லாமப் போச்சு, சின்னவளாவது படிச்சுட்டுப் போகட்டும்" என்றார் ஓர் அம்மா. சின்னவள் வகுப்பை முடித்துவிட்டாள். அம்மா தருவது நிற்கவில்லை.

இன்னொரு வீட்டார் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பவர்கள். அவர்கள் வீட்டுப் பையன் முருகன் பாட்டையெல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறான். ழகரமும் றகரமும் அதில் சரியாக வராது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்துகிறார், தனக்குப் பிறகு யார் திருத்துவார் என்ற கவலை அவருக்கு. அவர் தந்தது அதற்காக. வேறொருவர் அப்பா காலத்துக் கிரயப் பத்திரத்தை வகுப்புக்கே எடுத்து வந்தார், தமிழில் எழுதியது. வீட்டில் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் எழுத்துக் கூட்டி நான்கு எல்லையையும் படித்துக் காட்டினார்கள். மறுநாள் பெஞ்சு வாங்கப் பணம் வந்தது.

தெலுங்குக்காரர்களும் தருகிறார்கள். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் வீட்டில் தமிழே கிடையாது. சாக்பீஸ் முழுவதும் அவர் கணக்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைகள் தெருவில் சுற்றாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்களே, அது போதும் என்கிறார். எல்லை ஊரில் மொழியின் பெயரைப் பெரிதாகச் சொல்லிக் கேட்டால் இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கடம் வந்துவிடும். நம் ஆட்களே சிலர் ஒதுங்குவதும் அதனால்தான். அவர்களுக்கு மொழிப்பற்று இல்லை என்று நினைத்துவிடாதே. பக்கத்து வீட்டோடு நாளைக்கும் பேசிப் பழக வேண்டுமே.

அரசாங்கம் பார்க்க வேண்டியது என்று சொன்னவருக்கும் ஒரு பதில் உண்டு. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிக்க வசதி செய்யச் சொல்கிறது, ஆனால் அது தொடக்கக் கல்விக்கு மட்டும். உன் வகுப்புக்கு வருவது வேறு மொழிவழிப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள். அவர்களுக்கு சனிக்கிழமை வகுப்பு நடத்த எந்த அதிகாரியும் வரப் போவதில்லை. இதைச் சொல்லிவிட்டு ஆட்டோ செலவைக் காட்டு.

ஹார்வர்டுக்குத் தந்தவர்களை நினைத்து வருத்தப்படாதே. அங்கே 60 லட்சம் டாலர் என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது, உலகம் முழுக்க இருந்து சின்னச் சின்னத் தொகையும் சேர்ந்தது, 2018-ல் தொகை நிறைந்தது. எவ்வளவு வேண்டும், எவ்வளவு சேர்ந்தது, தன் பங்கு எங்கே என்று தந்தவருக்குத் தெரிந்தது. "முடிந்ததைக் கொடுங்கள்" என்று நாம் கேட்டால் தருபவருக்குக் குழப்பம்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு மாத ஆட்டோ இவ்வளவு என்று சொல். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டு போகிறார்கள், பார்த்திருப்பாய். நாற்காலி, பீரோ, நோட்டு எல்லாம் தட்டோடும் மேளத்தோடும் ஊர்வலமாகப் போகும். பொருளைக் கையில் ஏந்திப் போய்க் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. உங்கள் ஊருக்கும் அது பொருந்தும்.

அப்புறம் அந்தக் கள்ளுக்கார அண்ணனிடம் ஏன் தருகிறீர்கள் என்று ஒருநாள் நேரிலேயே கேள்.

பதில்: தேவிகுளம் எஸ்டேட், இப்போது கோவை

தருகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பெரிய அமைப்புக்கு நான் ஐந்நூறு ரூபாய் அனுப்பினால் ரசீது வரும், அவ்வளவுதான். எங்கள் எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளின் வகுப்புக்கு அனுப்பினால் அது எந்த அலமாரியில் என்ன புத்தகமாக நிற்கிறது என்று தெரியும். அம்மாவின் நினைவுநாளில் அனுப்புவேன், அந்தத் தேதிக்கு முந்தின வாரம் அங்கிருந்து ஒரு போன் வரும். பணம் கேட்க மாட்டார்கள், வகுப்பு எப்படிப் போகிறது என்று மட்டும் சொல்வார்கள். முன்பு வேறோர் இடத்துக்குத் தந்துகொண்டிருந்தேன். கணக்கே வரவில்லை, நிறுத்திவிட்டேன்.

பதில்: கணக்குப்பிள்ளை

வரிச்சலுகை பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் இது. பணம் தருபவருக்கு 80ஜி என்று சொல்லப்படும் வருமானவரிச் சலுகை கிடைக்க வேண்டுமானால் நீங்கள் டிரஸ்டாகவோ சொசைட்டியாகவோ பதிந்து வருமானவரித் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது. ஐந்நூறு, ஆயிரம் தருகிற ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துத் தருவதில்லை, அதனால் இப்போதே அலைய வேண்டாம். ரசீதுப் புத்தகமும் இரண்டு பேர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கும் இருந்தால் நல்லது.

கேட்டவர்: பாலக்காட்டு எல்லை

நகரி அக்கா, அந்தக் கள்ளுக்கார அண்ணனிடம் நேற்றே போய்க் கேட்டுவிட்டேன். அவர் தினமும் டீக்கடையில் தமிழ்ப் பேப்பர் படிப்பவராம். படிக்க ஆள் இல்லை என்று கடைக்காரர் பேப்பரை நிறுத்திவிட்டார். "நாலு புள்ளைங்க படிச்சாத்தான் இங்க பேப்பர் வரும், அதுக்குத்தான் தர்றேன்" என்கிறார். எங்களுக்கு இது தோன்றவே இல்லை.

பதில்: நகரி நெசவு வீடு

அப்படியென்றால் வாசகசாலைக்கு ஒரு தமிழ்ப் பேப்பர் போடச் சொல். ஒரு வருடச் சந்தா எவ்வளவு என்று விசாரித்துத் தொகையோடு எழுதி வாசலில் ஒட்டு, யாராவது ஏற்றுக்கொள்வார்கள். அவரிடம் மட்டும் அதற்குக் கேட்காதே, அவர் மாதாமாதம் தருவதே போதும். ஹார்வர்டுக்குத் தந்த குடும்பத்திடம் முதலில் போ.