ஸூம் லென்ஸை 600 எம்எம் வரை இழுத்தால் படம் குழைகிறதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை:
போன ஜனவரி, வேடந்தாங்கல். மணி 11 தாண்டிவிட்டது. கரையில் நிற்கிறேன், கையில் பழையதாக வாங்கிய 150-600 எம்எம் லென்ஸ். எதிரே மரத்தில் ஒரு கூழைக்கடா வாயைத் திறக்க, குஞ்சு கழுத்துவரை தலையை உள்ளே விட்டு மீன் தேடுகிறது. தாயின் தொண்டைப் பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புடைத்துப் புடைத்து அடங்குகிறது. 80 படம் எடுத்தேன். ஷட்டர் 1/1600 விநாடி, அபர்ச்சர் எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை.

வீட்டில் வந்து முழு அளவில் திறந்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. கை ஆடிய கோடு இல்லை, ஃபோகஸ் முன்னே பின்னே போன மாதிரியும் இல்லை. தண்ணீருக்கு அடியில் வைத்துப் பார்த்ததுபோல் இறகெல்லாம் கரைந்து கிடக்கிறது. ஒரு படத்தில் அலகு நேராக இருக்கிறது, அடுத்ததில் அதே அலகு லேசாக வளைந்திருக்கிறது.

லென்ஸ் போச்சு என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து கிளீனிங் என்று பில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். பிப்ரவரியில் அதே இடம், அதே லென்ஸ், காலை ஆறே முக்கால். வெளிச்சம் பற்றாமல் ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினேன். படத்தில் மணல் தூவியதுபோல் நாய்ஸ் தெரிகிறது, ஆனால் கூழைக்கடாவின் மேல் அலகில் இருக்கிற நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அப்போதுதான் புரிந்தது, அன்றைக்குக் குழைத்தது கானல். வெயிலில் சூடேறிய காற்று நெளிய நெளிய, 600 எம்எம் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அந்தக் குஞ்சு மட்டும் மறுபடி கிடைக்கவில்லை.

சதுப்புநிலம்:
எல்லாப் பழியையும் கானல் தலையில் போட வேண்டாம். பள்ளிக்கரணையில் காலை 7 மணிக்கே எனக்குப் படம் சாஃப்டாக வந்தது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் சிறகடித்து நிற்கிறது, அதன் பின்னால் இருக்கிற கோரைத் தண்டு ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. லென்ஸ் வாங்கியபோது கடையில் மாட்டிக் கொடுத்த 95 எம்எம் யூவி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் திருகுகிற கண்ணாடி, அதன்பின் நான் கழற்றவே இல்லை. அங்கேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அடுத்த படத்தில் தண்டு ஒன்றாகிவிட்டது. ஏரிக்கரை, உங்கள் லென்ஸில் ஃபில்டர் இருந்ததா? அதைச் சொல்லவே இல்லையே.

தாமிரபரணி:
கூந்தன்குளத்தில் நடந்தது. ஊருக்குள்ளேயே வீட்டு மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருந்தது. ஃபோகஸ் புள்ளியை அதன் கண்ணில் வைத்துத்தான் எடுத்தேன். கண் மங்கல், அதற்கு ஒரு முழம் பின்னால் இருக்கிற சுள்ளி மட்டும் கத்தி மாதிரி. வரிசையாக முப்பது படமும் அப்படியே.

ஏரிக்கரை சார், கானல் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில், ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் பதிகிற சென்சார் வேறு. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் எந்தப் படமும் ஒரே பக்கமாகத் தள்ளிப் போகும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் கேமரா பாடியை ட்ரைபாடில் போடுங்கள். கை ஆட்டத்தைத் தணிக்கிற ஸ்டெபிலைசரை அணையுங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள். நீங்கள் பறவை எடுக்கிற தூரத்திலேயே ஒரு அட்டையை நேராக நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். வ்யூஃபைண்டர் வழியாக அட்டையில் ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம், அப்புறம் பின் திரையைப் பார்த்து எடுக்கிற லைவ் வியூவில் பத்து. ஒவ்வொரு தடவையும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டுத்தான் திரும்பப் பிடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சோதனையே வீண். லைவ் வியூ ஷார்ப்பாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் ஏஎஃப் ஃபைன் ட்யூன் தேவை, அதாவது ஆட்டோஃபோகஸ் நிற்கிற இடத்தை மெனுவில் சற்று நகர்த்த வேண்டும். ஸ்கேலில் அட்டைக்குப் பின்னால் தெளிவாக இருந்தால் மைனஸ் பக்கம், முன்னால் என்றால் பிளஸ் பக்கம். ஸூமை நீளமான முனையில் வைத்தே செய்யுங்கள், நாம் பயன்படுத்துவது அதைத்தானே. எனக்கு மைனஸ் 7-இல் நின்றது. விலை குறைந்த பல பாடிகளில் இந்த மெனுவே இருக்காது, அவர்கள் லைவ் வியூவில் எடுக்கலாம். மிரர்லெஸ்ஸில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பனங்காடை:
முருங்கை மரத்தில் மாங்குயில், நாலு மீட்டர்கூட இராது. 200-500 லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் ஓடுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று விநாடி உட்கார்ந்துவிட்டுப் பறந்துவிட்டது. பையிலிருந்து எடுக்கும்போது பக்கவாட்டு ஸ்விட்ச் 6 மீட்டருக்கு நகர்ந்திருக்கிறது, அதைவிடக் கிட்டே ஃபோகஸ் பிடிக்காது. இப்போது லென்ஸை எடுத்ததும் விரல் முதலில் அந்த ஸ்விட்சைத்தான் தொடுகிறது.

மன்னார்க் கரை:
இலங்கை மன்னாரில் வங்காலைப் பக்கம் பூநாரை வந்த காலம். விடியவே போயிட்டோம், கானலுக்கு நேரமே இல்லை. வாகனத்துக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியை இறக்கி அதிலேயே கமராவைத் தாங்கி எடுத்தேன். முதலில் லென்ஸின் முன் கண்ணாடி முழுக்கப் பனி பிடித்தது. துடைத்த பிறகும் படங்கள் நெளிந்தே வந்தன. உள்ளே இருந்த குளிர்காற்று ஜன்னல் வழியாக வெளியேறி, சரியாக லென்ஸுக்கு முன்னால் வெளிக்காற்றோடு கலந்துகொண்டிருந்தது. அலுத்துப்போய் இறங்கி மணலில் குந்தியிருந்து எடுத்த கடைசி நாலு படம்தான் நல்லாய் வந்தது.

ஏரிக்கரை:
சதுப்புநிலம், ஃபில்டர் இல்லை. வாங்கும்போதே இல்லை. தாமிரபரணி சார், பின்னால் தள்ளிப் போயிருந்தால் மரத்தில் எங்கேயாவது ஒரு கிளையாவது ஷார்ப்பாக இருக்க வேண்டுமே. 80 படத்திலும் இல்லை, அலகு வளைவதற்கும் அது காரணமாகாது. ஆனாலும் நீங்கள் இவ்வளவு எழுதியதற்காக ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு ட்ரைபாடோடு கரைக்குப் போனேன். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, காலியான ஒரு கூட்டின் மேல் வைத்தேன். காற்றே இல்லை, இலை அசையவில்லை. திரையில் அந்தக் கூட்டின் சுள்ளி ஒவ்வொன்றும் புழுப்போல நெளிந்துகொண்டிருந்தது.